நார்தர்ன் லைட்ஸ் பார்க்கப் போகலாமா? மதுரைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

சூரியனிலிருந்து வரும் துகள்கள் மோதி, வடதுருவத்தை ஒட்டிய இரவு வானத்தில் ஆடும் பச்சை ஒளிதான் நார்தர்ன் லைட்ஸ், தமிழில் துருவ ஒளி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

பிள்ளைகளுக்குப் பெரிய லீவு கோடையில்தான். சித்திரைத் திருவிழா முடிந்ததும் நார்வே கிளம்பினால் பார்க்க முடியுமா? (திருமங்கலம்)

முடியாது. நார்வேயின் வடகோடி ஊரான டிரோம்சோ பக்கம் மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 20 தாண்டும்வரை சூரியன் மறைவதே இல்லை, அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு வானம் முழுசாக இருட்டாது, இருட்டாத வானத்தில் எந்த ஒளியைப் போய்த் தேடுவது? செப்டம்பரிலிருந்து மார்ச் கடைசி வரைதான் இதற்குக் காலம். அரையாண்டு லீவில் போகலாம், ஆனால் கிறிஸ்துமஸ் நேரம், விலை எகிறும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை டிரோம்சோவில் சூரியன் உதிப்பதும் கிடையாது, சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். என் ஓட்டு காலாண்டு லீவுக்கு. செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டிப் பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் கூடுதலாகவே கலங்கும், அதனால் ஒளியும் கூடும், குளிரும் தாங்கும்படி இருக்கும், ஏரிகள் உறையாததால் தண்ணீரிலும் பச்சை தெரியும்.

டிராவல்ஸ்காரர் 8 நாளில் 4 நாடு, நார்தர்ன் லைட்ஸ் கேரண்டி என்கிறார். நம்பலாமா அண்ணே? (கே.கே.நகர்)

கேரண்டி என்ற சொல் வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள் தம்பி. துருவ ஒளி தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலேதான் நடக்கிறது, மேகமோ அதற்கு வெகு கீழே. மேலே என்னதான் கூத்து நடந்தாலும் கீழே மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. எல்லோரும் போனில் ஆப் போட்டுக்கொண்டு கேபி எண் எவ்வளவு என்று பார்க்கிறார்கள், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை காட்டும் அளவு அது, ஆனால் டிரோம்சோ, அபிஸ்கோ மாதிரி ஊர்களுக்கு 2 இருந்தாலே போதும், ஏனென்றால் துருவத்தைச் சுற்றி நிற்கும் ஒளி வளையம் பெரும்பாலும் அந்த ஊர்களின் தலைக்கு மேலேதான் நிற்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது மேக முன்னறிவிப்பு.

அதனால் 4 நாட்டை விட்டுவிட்டு ஒரே இடத்தில் 5 ராத்திரி தங்குங்கள். தினம் ஒரு ஊர் மாறினால் பெட்டி கட்டி, விமானம் பிடித்து, களைத்துப் போய், வானம் திறக்கிற அந்த ஒரு ராத்திரியில் தூங்கிவிடுவீர்கள். டிரோம்சோ கடலோரம் என்பதால் மேகம் அதிகம், ஆனால் அங்கே வேன்களில் ஏற்றிக்கொண்டு வானம் தெளிந்த இடம் தேடிப் போவார்கள், தேவைப்பட்டால் பின்லாந்து எல்லை வரைக்கும். ஸ்வீடனின் அபிஸ்கோ வேறு வகை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மதுரைக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்புகிறதல்லவா, அதே கதைதான் அங்கேயும்: மேற்கே இருக்கும் மலைகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் ஊருக்கு மேல் வானம் அடிக்கடி திறந்திருக்கும். அலையத் தெம்பில்லாதவர்களுக்கு அபிஸ்கோதான் சரி, கடை கண்ணி கம்மி என்பது மட்டும் குறை.

சூரியனின் உச்சம் 2024-லேயே முடிந்துவிட்டதாமே, இனி போவது வீணா? கொடைக்கானல் ஆய்வகத்தில் கேட்டால் தேதி சொல்வார்களா? (வத்தலகுண்டு)

வீணில்லை. சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் உச்சம் கழிந்து இறங்குகிற ஆண்டுகளிலும் சூரியனில் இருந்து ஒளியை உண்டாக்கும் துகள்கள் வேகக் காற்றாக வீசிக்கொண்டே இருக்கும். அது கிளம்பும் பகுதி சூரியனோடு சேர்ந்து சுற்றி ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை நம் பக்கம் திரும்பும். உச்ச ஆண்டுகளின் பெரிய புயல்கள், ஒளி வழக்கமாக எட்டாத தெற்கு நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் முக்கியமாக லாபம். கொடைக்கானல் ஆய்வகம் 1899-ல் தொடங்கியது, எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டது அங்கேதான், நூறு ஆண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. ஆனாலும் மாதக்கணக்கில் முன்னால் தேதி சொல்ல யாராலும் ஆகாது. சூரியனில் வெடிப்பு நடந்து, அதில் கிளம்பும் துகள் மேகம் பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். எவ்வளவு பலமாக அடிக்கும் என்பது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களைத் தொட்டபிறகுதான் சரியாகத் தெரியும், அப்போது கையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சூரியனை ஆராயும் நம் இந்திய விண்கலம் ஆதித்யா எல்1 நிற்பதும் அங்கேதான்.

லடாக்கிலேயே தெரிந்ததே, அங்கே போனால் போதாதா? (மேலூர்)

2024 மே 10 இரவு லடாக்கின் ஹன்லேயில் கேமராக்கள் சிவப்பைப் பிடித்தது உண்மை. ஆனால் அது 2003-க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான காந்தப்புயல். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். நட்சத்திரம் பார்க்கப் போங்கள், அருமையான இடம்.

ஊட்டி ஸ்வெட்டர் போதுமா? (ஆரப்பாளையம்)

போதாது. உள்ளே கம்பளி உள்ளாடை, நடுவில் தடித்த ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத கோட்டு. பருத்தி பனியன் கூடவே கூடாது, வேர்வையைப் பிடித்துவைத்து உடம்பைச் சில்லிட வைக்கும். கனமான மேலுடையைப் பல டூர்காரர்களே அங்கே தருவார்கள், மதுரையில் காசைக் கொட்டி வாங்க வேண்டாம். பெரியவர்களைக் கூட்டிப்போனால் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை கட்டாயம், ஐஸில் வழுக்கி விழுவதுதான் அங்கே பெரிய ஆபத்து.

விசா? (பழங்காநத்தம்)

ஷெங்கன் விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்று. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கும் போவதாக இருந்தால் இரண்டு முறை நுழையும் விசா கேளுங்கள், அது நார்வேயுடையது என்றாலும் ஷெங்கனுக்கு வெளியே.

போனில் படம் வருமா? (சிம்மக்கல்)

நைட் மோடு இருந்தால் வரும், ஆனால் ஸ்டாண்ட் வேண்டும். கேமரா என்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணரும் அளவு) 1600-லிருந்து 3200, ஷட்டர் 5 முதல் 15 விநாடி திறந்திருக்கட்டும், ஃபோகஸைக் கையால் நட்சத்திரத்தில் வையுங்கள். குளிரில் பேட்டரி பொசுக்கென்று இறங்கும், இன்னொன்றைச் சட்டைக்குள் வையுங்கள். ஒளி மங்கலாக இருக்கும் ராத்திரியில் கண்ணுக்கு வெறும் சாம்பல் நிற மேகம் போலத்தான் இருக்கும், படத்தில்தான் பச்சை.

சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

சமையலறை உள்ள வீடாக எடுங்கள், ஹோட்டல் விலை கட்டுப்படியாகாது. அரிசி, காய்கறி, தயிர் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். இங்கிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி போதும். உங்கள் ஊர்ப் பால்கோவாவை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், நெய்யும் வேண்டாம்: இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அங்கே தடை, விமான நிலையத்திலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.