பென்சிலில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் செடி வளர்ப்பவர்கள் நாற்பது பேர் ஒரு வட்டமாக இருக்கிறோம். பாதிப் பேர் பினாங்குத் தீவில், பாதிப் பேர் எதிர்க்கரை செபராங் பிறையில். எங்கள் எல்லோருக்கும் செடியும் கொடுத்து, அதை வளர்க்கவும் சொல்லிக் கொடுத்த பெரியவர் சென்ற மாதம் தவறிவிட்டார். உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கலாம். விதையை மைலோ டின்னில்தான் கொண்டுவருவார்.

அவர் வீட்டுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் உள்ளே இருந்தார்கள், உடன் வேலை பார்த்தவர்கள் பந்தலில் இருந்தார்கள். நாங்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் ரோட்டோரமாகவே நின்றோம். அவருடைய மகள் வந்து, நீங்கள் யார் என்று கேட்டபோது, “ஐயாவிடம் செடி வாங்கியவர்கள்” என்றேன். கடன் வாங்கியவர்கள் என்று சொன்னதுபோல் எனக்கே கூச்சமாகிவிட்டது. எங்களில் ஒருவரான சீன அம்மா, அவர் கொடுத்த வெற்றிலைக் கொடியிலிருந்து ஒரு துண்டைத் தொட்டியில் வளர்த்து எடுத்துவந்திருந்தார். அதை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிறகு பத்து லஞ்சாங் மின்சுடலை வரைக்கும் போய்த் திரும்பினோம்.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். வீட்டை விற்கப்போகிறார்கள். இருநூறு தொட்டிகளுக்கு மேல் கிடக்கின்றன. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது யாருக்கு எது என்று எங்களுக்குள் மனத்தாங்கல். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் வழியில் அவர் படத்தோடு தண்ணீர்ப் பந்தல் போடலாம் என்கிறார் ஒருவர். நினைவு மலர் போடலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. என் லிமாவ் கஸ்தூரி எலுமிச்சையின் இலைகள் மஞ்சளாகின்றன. அவரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை கைப்பேசியை எடுத்துவிட்டேன். உறவும் இல்லை, ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிட்டதும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவருக்காக இவ்வளவு துக்கப்படுவது சரிதானா? அவருக்கு நாங்கள் என்னதான் செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்திலிருந்து அவர் பெயரையும் அவர் குடியிருந்த தாமானின் பெயரையும் எடுத்துவிட்டேன். தெரிய வேண்டியவர்களுக்கு மைலோ டின்னே போதும். எனக்கும் அந்த இடத்தில்தான் தெரிந்தது. கடிதத்தை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

துக்கப்படலாமா என்று என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். ஆனால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்றீர்களே, அது நியாயமான சங்கடம். நம் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. கோடித்துணி கொண்டுவர ஆள் உண்டு, நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் உண்டு, வாய்க்கரிசிக்கு வரிசை உண்டு. செடி வாங்கியவருக்கு மட்டும் முறை இல்லை. யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அந்தச் சீன அம்மா தானாக ஒரு முறையை ஏற்படுத்திவிட்டார். அதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு அவர் வந்தது ஒரே ஒரு தடவை. மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி வந்தார். உட்காருங்கள் என்றேன். “பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டபடி வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய்விட்டார். அங்கே கறிவேப்பிலையும் லிமாவ் கஸ்தூரியும் தொட்டியோடு தொட்டி இடித்துக்கொண்டு நின்றன. “பங்காளிகளைச் சுவரொட்டிக் குடிவைத்திருக்கிறீர்களே, உருப்படுமா?” என்றார். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கறிவேப்பிலையின் கொழுந்து ஒன்றைத் திருப்பிப் பிடித்தார். எள்ளளவில் பழுப்பாக ஒன்று, தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிக்கொண்டு முள் குத்தியதுபோல் உட்கார்ந்திருந்தது. எலுமிச்சை இனத்தையே காலி செய்கிற நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இந்தப் பூச்சிதான் என்றார். அந்த நோய் கறிவேப்பிலையை ஒன்றும் செய்யாது. ஆனால் பூச்சி குஞ்சு பொரிக்கிற தாய்வீடு அதன் கொழுந்து. வீட்டை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாற்றவில்லை, சோம்பல்தான், வேறென்ன. இரண்டு வருடத்தில் லிமாவ் கஸ்தூரி போய்விட்டது. அதை அவரிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்குத்தான் அந்த டின்னைத் திறந்தார். ஈரமான பழைய செய்தித்தாளுக்குள் கறிவேப்பிலைப் பழங்கள், கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று இருந்தன. ஒன்றை விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கினார். ஊதாச் சாறு நகக்கண் வரைக்கும் இறங்கியது. உள்ளே பச்சையாக ஒரு விதை. “இன்றைக்கே போடுங்கள். இது உங்களுக்காகக் காத்திருக்காது” என்றார்.

நான் அதைப் பெரியவர்கள் வழக்கமாகப் போடும் அதட்டல் என்றே நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னது சரியான தாவரவியல் என்று தெரிந்தது. நெல்லையும் மிளகாயையும் காயவைத்துப் பத்திரப்படுத்தலாம். கறிவேப்பிலை, பலா, மா, டுரியான், ஜாதிக்காய், ரப்பர் இவற்றின் விதைகள் காய்ந்தால் செத்துவிடும். 2008-இல் நார்வேயின் வடகோடியில் ஸ்வால்பார்ட் என்ற இடத்தில், மலையைக் குடைந்து உலகத்துக்கெல்லாம் ஒரு விதைக் கிடங்கு திறந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் விதைகள் உறங்குகின்றன. அங்கே நம் பலாக்கொட்டைக்கு இடமில்லை. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகள் சுமார் 70,000. முளைத்தவை ஏறத்தாழ 2,700. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். நம்மில் பலருடைய தாத்தாக்களைப் பால்மரக் காட்டுக்கு இழுத்தது அந்த வழியில் வந்த மரம்தான். (செபராங் பிறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கம் அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வந்துவிட்டது.)

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நினைவு மலர் போட்டால் அதில் நாற்பது பேரும் “வள்ளல்” என்று எழுதுவீர்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று சொன்னால், ஒரு கொழுகொம்பு நட்டிருந்தால் போதுமே என்று ஐயா கேட்டிருப்பார். தம்மிடம் மிஞ்சியதை அள்ளி வீசியவர் அல்ல அவர். அலமாரியில் வைத்துக் காப்பாற்ற முடியாத பொருளை அடுத்தவர் மண்ணில் வைத்துக் காப்பாற்றினார்.

அவர் வீட்டுக் கறிவேப்பிலையின் கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அது அவருடைய அம்மா தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் பின்னால் வைத்த மரம். தோட்டத்தை விற்று வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது வேரிலிருந்து கிளம்பிய கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து எடுத்துவந்திருக்கிறார். அது வளர்ந்து கன்று விட விட, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு மழைக்காலத்தில் வீட்டுப் பின்னால் சாக்கடை அடைத்து, வாரக்கணக்கில் தண்ணீர் நின்று, மரம் வேரழுகிச் செத்தது. தைப்பிங்கில் ஓர் அக்காவுக்கு முன்பு கொடுத்திருந்த கன்று அதற்குள் கூரை உயரம் வளர்ந்திருந்தது. போய் அதிலிருந்து ஒரு கன்றைத் திருப்பி வாங்கிவந்தார். “அம்மாவைத் தைப்பிங்கிலிருந்து கூட்டிவந்தேன்” என்றுதான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம்.

அந்தத் தொட்டியைப் போய்ப் பாருங்கள். அதில் “கறிவேப்பிலை” என்று இருக்காது. “தைப்பிங் அக்கா” என்றுதான் இருக்கும். சோப்புத் தண்ணீர் புட்டியைக் கீறி எடுத்த பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதிச் செருகியிருப்பார். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் வெளுக்காது. ஏன் செடியின் பெயர் இல்லை என்று நானும் கேட்டேன். “செடியைப் பார்த்தால் செடி தெரிகிறது. கொடுத்தவர் தெரிவாரா?” என்றார்.

ஆகவே இந்த வாரமே போங்கள். முதல் வேலை, தொட்டிகளின் அடித்தட்டுகளைக் கவிழ்ப்பது. அவர் தட்டில் மணல் நிரப்பி வைப்பார்தான். ஆனால் ஆளில்லாத வீட்டில் மழைத் தண்ணீர் எங்கெல்லாம் தேங்கும் என்று சொல்ல முடியாது. ஏடிஸ் கொசு பெருகினால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் வந்து விழுவது பிள்ளைகள் தலையில். துக்கத்தோடு அதுவும் வேண்டாம்.

அடுத்து, ஒரு தொட்டியையும் நகர்த்துவதற்கு முன்னால் எல்லாப் பட்டைகளையும் தொட்டியோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு போய், பட்டை கீழே விழுந்துவிட்டால் அதோடு சரி. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. வந்தாலும் “பாலிக் புலாவ் மாமா” யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் நாற்பது பேரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். உங்களுக்குள் பங்கு பிரிக்க ஒரு வழியும் அதிலேயே இருக்கிறது. பட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரை முதலில் கூப்பிட்டு, உங்களிடம் இந்தச் செடி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது அவருக்குத்தான். இருந்தால், கேட்கிற மற்றவருக்கு. எதுவும் ஒரே வீட்டில் மட்டும் இருக்கும்படி விடாதீர்கள். மனத்தாங்கல் அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால், அது செடியைப் பற்றியது அல்ல.

மலர் போடுவதானால், அவர் உங்களுக்குச் சொன்னது என்ன என்று ஆளுக்கு அரைப்பக்கம் எழுதுங்கள். தவறையும் சேர்த்துத்தான். வளர்பிறையில் மட்டுமே நட வேண்டும் என்பதில் அவர் ஒரே பிடிவாதம். நான் தேய்பிறையில் நட்ட முருங்கைப் போத்து இன்றைக்கும் காய்க்கிறது. அதைக் காட்டியபோது, “வளர்பிறையில் நட்டிருந்தால் இன்னும் காய்த்திருக்கும்” என்றார். அப்படிப்பட்டவரோடு என்ன வாதம் செய்வது!

தண்ணீர்ப் பந்தலும் போடுங்கள், வெயிலில் காவடியோடு நடக்கிறவர்களுக்கு உதவும். படம் போட்ட பேனர் மட்டும் வேண்டாம் என்று தோன்றுகிறது. அதைப் பார்த்திருந்தால், எந்த நாற்றுக்கு நிழல் கட்ட ஆகும் என்றுதான் அவர் முதலில் அளந்திருப்பார்.

உங்கள் லிமாவ் கஸ்தூரிக்கு வருகிறேன். மஞ்சளான இலை ஒன்றைப் பறித்து, நடுநரம்பின்மேல் மடித்து, இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதுவும் அவர் அன்று என் கொல்லையில் செய்து காட்டியதுதான். மஞ்சள் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் சத்துக்குறைதான். முற்றிய இலை என்றால் மக்னீசியம், கொழுந்திலை என்றால் துத்தநாகம், உரக்கடையில் கேளுங்கள். ஒரு பாதியில் ஒரு மாதிரி, மறு பாதியில் வேறு மாதிரி என்று திட்டுத்திட்டாக இருந்தால் அந்த நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. அப்படியானால் அதிலிருந்து யாருக்கும் கிளை வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள், செடியையே எடுத்துவிட வேண்டியிருக்கும். ஓர் இலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், நாலைந்து பறித்துப் பாருங்கள். பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லையே.