ஜியாலஜி சேரலாமா? மூன்று வருடக் கணக்கு போதாது

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பிரிவு எடுத்துப் படித்தேன். பி.எஸ்சி. ஜியாலஜியில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. “பூகோளம் படித்து என்ன செய்யப்போகிறாய்?” என்கிறார் அப்பா. கணிதம் இல்லாமல் சமாளிக்க முடியுமா? வேலை உண்டா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: அப்பா குழம்புவதில் வியப்பில்லை. பள்ளியில் ஜியாகிரபியைப் புவியியல் என்கிறோம். குவாரிகளைக் கவனிக்கும் அரசுத் துறைக்கோ ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்று பெயர். நீங்கள் படிக்கப்போவது பாறை, கனிமம், நிலத்தடி நீர் பற்றிய ஜியாலஜி, அதாவது நிலவியல். விண்ணப்பத்தில் பாடப்பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஜியாகிரபி பட்டத்தை வைத்துக்கொண்டு ஜியாலஜிஸ்ட் தேர்வு எழுத முடியாது.

வேலை உண்டு. ஆனால் பி.எஸ்சி.யோடு நின்றால் அல்ல. 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் (ஜி.எஸ்.ஐ.) ஜியாலஜிஸ்ட் ஆவதற்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி ஆவதற்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒரே தேர்வுதான். அதற்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம். முதல்நிலைக்கு 400, முதன்மைக்கு 600, நேர்முகத்துக்கு 200 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத வேண்டும். ஆகவே வீட்டில் பேசும்போது ஐந்து வருடம் என்றே பேசுங்கள். மூன்று வருடம் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் வருடக் கடைசியில் எம்.எஸ்சி.க்குப் பணம் கேட்கும்போதுதான் பல வீடுகளில் சண்டை வருகிறது.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு வழி. பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். எண்ணாக விடை தரும் கேள்விகளில் கழிவு கிடையாது. கணிதத்துக்குப் பயந்தவர்கள் அந்த எண் கேள்விகளைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள். துணைப்பாடமாக எதை எடுத்திருக்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி நிபந்தனை உண்டு. முதல் வருடத்திலேயே ஜாம் தேர்வின் தகவல் கையேட்டைப் பார்த்துவிட்டு, முடிந்தால் கணிதத்தைத் துணைப்பாடமாக எடுங்கள்.

உங்களுக்கு உடனே வேண்டியது பிளஸ் ஒன் புத்தகத்திலுள்ள முக்கோணவியல். எதற்கு என்று கேட்டால், ஒரு குவாரிச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாறை அடுக்கு உண்மையில் 40 டிகிரி சாய்ந்திருக்கிறது. சுவரோ அடுக்கின் ஸ்ட்ரைக் திசைக்கு (சாய்வுக்குச் செங்குத்தாக, அடுக்கின் மேல் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசை) 30 டிகிரி கோணத்தில் வெட்டியிருக்கிறது. சுவரில் தெரியும் சாய்வு 23 டிகிரிதான். டான் 40-ஐ சைன் 30-ஆல் பெருக்கினால் 0.42, அது டான் 23. கண்ணுக்குத் தெரியும் சாய்வு உண்மைச் சாய்வைவிட ஒருபோதும் அதிகமாக இருக்காது. இதை மறந்து சுவரில் அளந்ததையே வரைபடத்தில் ஏற்றினால், கீழே அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

கணக்கைவிடச் சிரமம், முப்பரிமாணத்தில் யோசிப்பது. ஒரு சோப்புக் கட்டியில் பேனாவால் அடுக்குகள் வரைந்து, வெவ்வேறு சாய்வில் வெட்டிப் பாருங்கள். கேலிக்கூத்தாகத் தோன்றும், ஆனால் முப்பரிமாணச் சாய்வுகளை வட்டத்தாளில் குறிக்கும் ஸ்டீரியோநெட் பாடம் வரும்போது கை கொடுக்கும்.

ஃபீல்டில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சின்னவை. ‘டிப் 35’ (சாய்வு 35 டிகிரி) என்று மட்டும் எழுதி, எந்தத் திசையில் என்பதை விட்டுவிடுவார்கள். மாலையில் அறைக்கு வந்தால் அந்த அளவு குப்பைதான். உருண்டு வந்த கல்லை, இருந்த இடத்திலேயே நிற்கும் நிலைப்பாறை என்று நினைத்து அளப்பார்கள். சுத்தியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காம்பஸ் பார்ப்பார்கள், அதன் இரும்பு முள்ளைத் திருப்பிவிடும். கைலென்ஸ் 10 மடங்கு போதும். அதைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் கல்லைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். சுண்ணாம்புக்கல் சோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி, உடனே நுரைக்கும். அதைப் போலவே தெரியும் டோலமைட் என்றால் தூளாக்கிய பிறகுதான் நன்றாக நுரைக்கும்.

சேர்வதற்கு முன் துறைக்கே நேரில் போய்க் கேளுங்கள்: பாறைகளைப் பார்க்கும் ஒரு பெட்ரோலாஜிகல் மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர்? தின் செக்‌ஷன் அங்கேயே செய்கிறார்களா? மைக்ராஸ்கோப்பில் ஒளி ஊடுருவும்படி கல்லை 0.03 மில்லிமீட்டர் தகடாகத் தேய்ப்பதுதான் அது. தடிமன் கூடினால் குவார்ட்ஸ் சாம்பலுக்குப் பதில் மஞ்சளாகத் தெரிந்து ஆளை ஏமாற்றும். வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டு, உடன் பெண் ஆசிரியர் வருவாரா, எங்கே தங்க வைப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு அப்பாவையும் உடன் அழைத்துப் போங்கள்.

உங்கள் ஊரைப் போல் வாய்ப்பான ஊர் அபூர்வம். மேக்னசைட் சுரங்கங்கள், ஏற்காட்டில் பாக்சைட், பக்கத்திலேயே கஞ்சமலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சமலை அடிவாரத்துக்கு ஒரு காந்தத்தையும் காம்பஸையும் கொண்டுபோங்கள். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும் கல் கிடைத்தால், கறுப்புப் பட்டையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். பிறகு காம்பஸை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அப்பாவிடம் காட்டுங்கள்.