சாயக் கழிவுநீரும் நுண்ணுயிர்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஏரேஷன் தொட்டியில் இரவு பகலாகக் காற்று ஊதியும் நிறம் அப்படியே நிற்கிறது. பாக்டீரியா செத்துவிட்டதா?

பிஓடி (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அவை நன்றாகவே இருக்கின்றன. நூலுக்குப் போட்ட கஞ்சிப்பசை நீரில் கலந்து வருகிறது, அதைத் தின்கின்றன, சாயத்தைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். துணிச் சாயங்களில் பெரும்பங்கு அசோ வகை. அதில் நிறத்துக்குக் காரணமான நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை உடைக்க எலக்ட்ரான் வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் அந்த எலக்ட்ரானை அது முதலில் பறித்துக்கொள்ளும். அதனால் ஏரேஷனுக்கு முன்னால் காற்றுப்படாத தொட்டி ஒன்று தேவை.

கேள்வி: எங்களிடம் அந்தத் தொட்டி இருக்கிறது. சில நாள் நிறம் போகிறது, சில நாள் போவதில்லையே?

அந்த நாட்களில் உள்ளே வந்த நீரைப் பாருங்கள். எலக்ட்ரான் கிடைப்பது பாக்டீரியா தின்னும் உணவிலிருந்து. பசை நீக்கிய கழிவு கலக்காத நாளில் அதற்குப் பட்டினி. கொஞ்சம் ஸ்டார்ச் கழிவோ சர்க்கரைப்பாகோ சேர்த்தால் சரியாகும். நைட்ரேட் அதிகம் வந்தாலும் ஆக்சிஜனைப் போலவே போட்டிக்கு நிற்கும். அப்புறம், சாயப் பட்டறை நீர் சூடாகவும் காரமாகவும் வரும். சமன்செய் தொட்டியில் ஆறவிட்டு, அமிலம் சேர்த்து, பிஎச் 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகே உள்ளே விடுங்கள்.

கேள்வி: நிறம் முழுசாகப் போய்விட்டால் அப்படியே வெளியே விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் கேள்வி இது. நிறம் போனது சாயம் துண்டு துண்டாக உடைந்ததால்தான். உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள்; கண்ணுக்குத் தெரியாது. பென்சிடின் என்ற அமீனை வைத்துச் செய்த சாயம் உடைந்தால் வருவது பென்சிடின், அது மனிதருக்குப் புற்றுநோய் தரும். இந்த அமீன்கள் பலவற்றை ஆக்சிஜனோடு வாழும் பாக்டீரியாதான் சிதைக்கும், ஏரேஷன் தொட்டியின் உண்மையான வேலை அங்கேதான். சல்போனிக் தொகுதி உள்ள சில அமீன்கள் அதற்கும் மசியாது. எனவே கண்ணை நம்பாமல் சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அளவிடுங்கள், முடிந்தால் நச்சுத்தன்மைச் சோதனையும் செய்யுங்கள்.

கேள்வி: பூஞ்சை வைத்துச் செய்யலாம் என்கிறார்களே?

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும் வெள்ளை அழுகல் பூஞ்சைகளைச் சொல்கிறார்கள். அவற்றின் லாக்கேஸ், பெராக்சிடேஸ் நொதிகள் பல சாயங்களை உடைக்கும். ஆய்வகத்தில் அருமையாக இருக்கும். ஆனால் அவற்றுக்குப் பிடித்தது அமிலத்தன்மை, பிஎச் 5 போல. திறந்த தொட்டியில் பாக்டீரியா பெருகி அவற்றை ஓரங்கட்டிவிடும். பெரிய ஆலைக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.

கேள்வி: உப்பும் குறையுமா?

குறையாது. உப்பைத் தின்னும் நுண்ணுயிர் கிடையாது. அதற்கு ஆர்ஓ (சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை), அதில் மிஞ்சும் உப்பு நீருக்கு ஆவியாக்கிதான்.