அந்தக் கட்டு இனி யார் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி குட் வைஃப்’ என்ற அமெரிக்க வழக்கறிஞர் தொடரைத் தாமதமாக இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தேன். ஐந்தாம் பருவத்தின் 15ஆவது பகுதியோடு நிறுத்திவிட்டேன். வில் கார்ட்னரை நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த நடிகர் ஜோஷ் சார்ல்ஸ் விலக விரும்பினாராம், அதற்காக இப்படியா? வேறு ஊருக்கு வேலை மாறிப் போனதாகக் காட்டியிருக்கலாம். வேறொரு நடிகரைப் போட்டிருக்கலாம். இத்தனை வருடம் கூடவே வந்தவர்களை நடுவழியில் விட்டுப்போன அந்த நடிகர்மீதும் கோபம் வருகிறது. சட்டத் தொடரிலிருந்து ஒரு பாத்திரத்தை வெளியே அனுப்ப நியாயமான வழி என்று ஏதாவது உண்டா? ஒரு கற்பனை வக்கீலுக்காகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

வீட்டில் கேலி செய்பவர்களை விடுங்கள். அத்தனை பகுதிகள் உங்களோடு இருந்த மனிதர் அவர். அவருக்காக வருந்தியதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 15ஆவது பகுதியோடு நிறுத்தியதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். வாதங்களையெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு நாளன்று வராமல் போனவர் நீங்கள். வில் கார்ட்னர் இறப்பது 15இல். தொடரைவிட்டுப் போவது 16இல். அதைப் பார்க்காமலே எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

15இல் நடப்பது உங்களுக்குத் தெரியும். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கல்லூரி மாணவனுக்காக வில் வாதாடுகிறார். சிறையில் நொறுங்கிப்போன அந்தப் பையன் காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுடுகிறான். 2014 மார்ச் 23 அன்று ஒளிபரப்பானபோது அமெரிக்கப் பார்வையாளர்களும் உங்களைப் போலத்தான் ஆடிப்போனார்கள். சரி, அது அதிர்ச்சி. அதிர்ச்சி கொடுப்பது எழுத்தில் சுலபமான வேலை.

16இல் நடப்பதைச் சொல்கிறேன். கெட்டுப்போக ஒன்றுமில்லை, கேளுங்கள். தொடரின் நாயகி, வழக்கறிஞர் அலிசியாவின் கைபேசியில் வில் இறப்பதற்குச் சற்று முன்னால் பேசிய ஒரு குரல் பதிவு இருக்கிறது. அலிசியா என்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பின்னணியில் நீதிமன்றச் சத்தம் கேட்கிறது, அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறார். இருவரும் அப்போது பகையில் இருக்கிறார்கள். வில்லின் நிறுவனத்திலிருந்து வெளியேறி, போட்டி நிறுவனம் தொடங்கியவர் அலிசியா. அப்படியானால் அந்த அழைப்பு எதற்காக? திட்டவா? சமாதானம் பேசவா? வெறும் வழக்கு விஷயமா? அலிசியா அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அங்கே இருந்த நீதிபதியைத் தேடிப் போகிறார். எதிர்த்தரப்பில் நின்ற அரசு வழக்கறிஞர் ஃபின் போல்மாரைத் தேடிப் போகிறார். ஒவ்வொருவர் சொல்வதைக் கேட்ட பிறகும் அந்த அழைப்பை மனதுக்குள் வேறொரு விதமாக ஓட்டிப்பார்க்கிறார். துக்கத்திலும் அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறார், சாட்சிகளை விசாரிக்கிறார். பதில் கிடைப்பதில்லை.

அந்தப் பெண் படிக்கட்டு படிக்கட்டாக ஏறி விசாரிக்கும் அந்தப் பகுதியில்தான் வில் போகிறார். தொடரை உருவாக்கிய ராபர்ட் கிங், மிஷெல் கிங் தம்பதியர் அப்போது ரசிகர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். திடீர் மரணத்தைத் தொலைக்காட்சி போதிய அளவு பேசுவதில்லை, ஒருவரைக் கடைசியாகப் பார்த்த தருணம் கடைசியாகவே நின்றுவிடுகிறது என்பது அதன் சாரம். நான் அவர்கள் பக்கம்.

இந்த விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்ததும் உடனே எழுத உட்கார்ந்தது அதனால்தான். சட்டத் தொடர் எழுதுபவர்களுக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. வழக்கறிஞர் போனாலும் வழக்கு போகாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கிலிருந்து ஒரு வழக்கறிஞர் நினைத்தபடி விலகிவிட முடியாது. அமெரிக்காவில் பொதுவாக நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், கட்சிக்காரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவருடைய காகிதங்களை ஒப்படைக்க வேண்டும். நிறுவனம் மாறினால், பழைய நிறுவனத்தில் இருப்பதா, வழக்கறிஞரோடு போவதா என்பதைக் கட்சிக்காரர்தான் முடிவு செய்வார். இறந்துபோனாலும் அடுத்த விசாரணைத் தேதி வரத்தான் செய்யும். யாராவது எழுந்து நிற்க வேண்டும். இவ்வளவு நாடகம் அந்தத் தொழிலுக்குள்ளேயே கிடக்கும்போது, எழுதுபவர்கள் லிஃப்ட் குழியைத் தேடிப் போகிறார்கள்.

லிஃப்ட் குழி என்று நான் சும்மா சொல்லவில்லை. ‘எல்.ஏ. லா’ தொடரில் ரோசலிண்ட் ஷேஸ் என்ற வழக்கறிஞர் பேசிக்கொண்டே இருக்கிறார், லிஃப்ட் கதவு திறக்கிறது, காலை உள்ளே வைக்கிறார், லிஃப்ட் இல்லை. 1991 மார்ச்சில் வந்தது. இன்றும் பேசுகிறார்கள். பேசுவது அந்த விழுதலைப் பற்றி. அவ்வளவு கூர்மையான, யாருக்கும் பிடிக்காத, எல்லோரையும் ஓடவைத்த அந்த வழக்கறிஞரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

என் பெரியப்பா வழக்கறிஞர். ஒரு சொத்து வழக்கில் குறுக்கு விசாரணை பாதி முடிந்திருந்த நேரத்தில் திடீரென்று இறந்துபோனார். வழக்கை அவருடைய ஜூனியர் எடுத்துக்கொண்டார். வழக்குக் கட்டைப் பிரித்தபோது பெரியப்பா கைப்பட எழுதிய கேள்விகள் வரிசையாக எண் போட்டு இருந்தன. ஒரு கேள்வியின் மேல் மட்டும் குறுக்கே கோடு, பக்கத்தில் பென்சிலால் ‘கேட்க வேண்டாம்’. ஏன் என்று எழுதவில்லை. ஜூனியருக்கோ அதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வியாகத் தெரிந்தது. கட்சிக்காரரிடம் விசாரித்தார், அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கே வந்து பெரியம்மாவிடம், “சார் இதைப் பத்தி ஏதாவது சொன்னாரா அம்மா?” என்று கேட்டார். அவர்களுக்கு என்ன தெரியும்? நீதிமன்றத்தில் அந்த இடம் வந்ததும் தாளைப் பார்த்தபடி நின்றாராம். நீதிபதி ஏறிட்டுப் பார்த்த பிறகு, கேட்காமலே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பின்னாளில் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் இதையே பேசுவார். கேட்டிருந்தால் சாட்சி மடங்கியிருப்பானா, இல்லை வழக்கே கவிழ்ந்திருக்குமா? பெரியப்பா போன அன்று நானும் எல்லோரோடும் அழுதேன். ஆனால் அவர் இல்லை என்பது உறைத்தது, ஜூனியர் அந்தத் தாளை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான்.

ஒரு திரைக்கதை எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? துப்பாக்கியும் வேண்டாம், குழியும் வேண்டாம், பென்சிலால் எழுதிய இரண்டு வார்த்தை போதும்.

‘லா அண்ட் ஆர்டர்’ இதை ஒரு முறை மிகப் பிரமாதமாகச் செய்தது. கிளேர் கின்கெய்ட் என்ற இளம் அரசு வழக்கறிஞர், ஜாக் மெக்காயின் உதவியாளர். நடிகை ஜில் ஹென்னசி 1996இல் விலகினார். குடித்துவிட்டு ஓட்டிய ஒருவன் மோதிய விபத்தோடு அவர் கதை முடிகிறது. அடுத்த பருவத்தில் அந்த மேஜைக்கு வேறொரு உதவியாளர் வந்துவிடுகிறார். அஞ்சலிக் கூட்டம், பழைய காட்சிகளின் தொகுப்பு என்று எதுவும் கிடையாது. 1998இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஆட்களைக் கொன்றவனின் வழக்கு மெக்காயிடம் வருகிறது. கொலைக் குற்றமே சாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நேர்மைக்குப் பெயர் போன மனிதர் வரம்பை மீறிப் போகிறார். ஏன் இவருக்கு இந்த வெறி? நமக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கில், கிளேர் வந்து நிற்கிறார். மெக்காயாக நடித்த சாம் வாட்டர்ஸ்டனின் முகத்தில் அதைப் பார்க்க வேண்டும். அந்தத் துக்கத்தை அப்படியே ஒரு வழக்கின் சட்டப் பிரச்சினையாக மாற்றிவிட்டார்கள். குடும்பத் தொடரிலோ போலீஸ் தொடரிலோ இதைச் செய்ய முடியாது. சட்டத் தொடரில் மட்டும்தான் முடியும், அங்கேயும் பலர் செய்வதில்லை.

உயிரோடு அனுப்புவதும் நல்ல வழிதான், மறுக்கவில்லை. அதே தொடரில் அரசு வழக்கறிஞர் பென் ஸ்டோன் 1994இல் விலகுகிறார். பாதுகாப்பு தருவதாக நம்பவைத்த சாட்சி கொல்லப்படுகிறார், அவரால் அதற்குமேல் அந்த வேலையில் இருக்க முடியவில்லை. பால் ராபினெட் 1993இல் அரசுத் தரப்பைவிட்டுப் போனவர், பிற்பாடு எதிர்த்தரப்பு வழக்கறிஞராகத் திரும்பி வருகிறார். அதே நீதிமன்றம், மேஜை மட்டும் வேறு! ஆனால் நீங்கள் கேட்கும் ‘வேறு ஊர் வேலை’ அப்படிப்பட்டதல்ல. ‘சூட்ஸ்’ தொடரில் 2018இல் மைக் ராஸையும் ரேச்சலையும் கல்யாணம் செய்துவைத்து சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். மனதுக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் மைக் திரும்பி வந்து, தன் பழைய வழிகாட்டி ஹார்வியின் கட்சிக்காரருக்கு எதிராக நின்றபோதுதான் அவர் போயிருக்கிறார் என்பதே உறைத்தது. வில்லையும் அலிசியாவையும் அப்படி வேறு வேறு ஊரில் வைத்திருந்தால், ஒரு ஃபோன் போட்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு அவர்கள் ஏன் ஃபோன் போடவில்லை என்று வாரா வாரம் நீங்களே எரிச்சல்பட்டிருப்பீர்கள்.

வேறு நடிகரைப் போடுவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம்.

நடிகர்மீது கோபப்பட்டீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடிப்பது அவருக்கு வேலை. நாம் வேலை மாறுவதில்லையா? ஜோஷ் சார்ல்ஸ் முன்பே கிளம்பியிருக்க வேண்டியவர். அலிசியாவாக நடித்த ஜூலியானா மார்குலிஸ் பேசித்தான் ஐந்தாம் பருவத்தில் 15 பகுதிகளுக்கு இருந்தார். அந்த 15 பகுதிகள் உங்களுக்குக் கிடைத்த கூடுதல் வரவு. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் திட்டுகிறீர்கள். நடிகர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அனுப்பிய கதைகளைப் படித்துப் பாருங்கள். ‘தி பிராக்டிஸ்’ தொடரில் 2003இல் செலவைக் குறைப்பதற்காக ஒரே நேரத்தில் 6 முக்கிய நடிகர்களை நீக்கினார்கள். கோபப்படுவதானால் அதற்குப் படுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பழைய ‘பெர்ரி மேசன்’ தொடரில் லெஃப்டினன்ட் ட்ராக் ஆக நடித்த ரே காலின்ஸ் உடல்நிலை மோசமாகி 1964 தொடக்கத்துக்குப் பிறகு தொடரில் தோன்ற முடியாமல் போனார். பாத்திரத்தைக் கொல்லவில்லை, மாற்றல் கொடுக்கவில்லை. வேறு போலீஸ் அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், ஆனால் அடுத்த பருவம் முழுக்க தொடக்க எழுத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து வாராவாரம் பார்க்கிறார் என்று தயாரிப்பாளர் கெயில் பேட்ரிக் ஜாக்சனுக்குத் தெரியும். 1965 ஜூலையில் காலின்ஸ் இறந்தார். கதைக்குள் அது சரியா தவறா என்றெல்லாம் நான் யோசிக்கத் தயாரில்லை. மனிதர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

இந்த வாரமே 16ஐப் பாருங்கள். அதற்குமேலும் நிறுத்தாமல் பாருங்கள். ஆறாம் பருவத்தின் முடிவில் நிறுவனத்தின் துப்பறிவாளர் காலிண்டாவும் அலிசியாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து விடைபெறும் காட்சியை, இரண்டு நடிகைகளையும் தனித்தனியாகப் படம் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. நீங்கள் அங்கே வந்து சேர்ந்ததும் எழுதுங்கள், அதைப் பற்றி விரிவாகப் பேசலாம்.