ஒரு நிமிடம் பிடித்திருந்தால்

அன்புள்ள சார்,

போன வாரம் என் பன்னிரண்டு வயது மகனோடு தாதர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். சாயங்கால நெரிசல். ஒருவன் யாரோ ஒரு பெண்ணின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு என்னை உரசியபடி ஓடினான். பின்னால் ‘பக்டோ, பக்டோ’ (பிடி, பிடி) என்று கத்துகிறார்கள். நான் கைப்பிடியோடு ஒதுங்கிக்கொண்டேன். வண்டியில் ஏறியதும் பையன், “ஸ்பைடர்மேனும் இப்படித்தான்ப்பா திருடனை விட்டுட்டான்” என்றான். “அவனுக்குச் சக்தி இருந்தது. சக்தி இருக்கிறவனுக்குத்தான் பொறுப்பு. அவன் பெரியப்பாவே சொல்லியிருக்காரே” என்று சமாளித்தேன். அவன் அதற்கப்புறம் பேசவில்லை. எனக்குத்தான் உறுத்துகிறது. நான் சொன்னது சரிதானே? மும்பையில் நடக்கிற ஸ்பைடர்மேன் காமிக்ஸ் ஒன்று வந்ததாமே, அதை அவனுக்குக் கொடுக்கலாமா?

கே., தாராவி

அன்புள்ள கே.,

நீங்கள் ஒதுங்கியதில் தப்பில்லை. பையனிடம் சொன்ன காரணம்தான் இடிக்கிறது.

அந்த நேரத்தில் தாதர் படியில் ஓடுகிறவனை இடறிவிட்டால் அவன் மட்டும் விழமாட்டான், முன்னால் இறங்குகிற பத்துப் பேரையும் சேர்த்து உருட்டிவிடுவான். 2017 செப்டம்பரில் பக்கத்து எல்ஃபின்ஸ்டன் ரோடு மேம்பாலத்தில் நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கையில் பையனை வேறு பிடித்திருந்தீர்கள்.

சரி, கதைக்கு வருவோம். அந்த வசனத்தைப் பெரியப்பா சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது சினிமாவின் வேலை. 2002-இல் வந்த படத்தில் அவர் காரில் உட்கார்ந்து அதைச் சொல்வார். ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்து 1962-இல் வந்த மூலக்கதை மொத்தமே பதினொரு பக்கம். அதில் பெரியப்பா பென் உபதேசம் எதுவும் செய்வதில்லை. ஸ்பைடர்மேனாகப் போகிற பையன் பீட்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார். அப்புறம் மனைவியிடம், அவனுக்கு ரொம்பப் போட்டுக் கொழுக்க வைக்காதே, இப்பவே மல்லுக்கட்டினால் என்னால் ஜெயிக்க முடியவில்லை என்று கேலி செய்வார். அவ்வளவுதான். சக்தியையும் பொறுப்பையும் சேர்த்துச் சொல்லும் அந்த வரி கடைசிக் கட்டத்தில், பையன் தெருவில் நடந்துபோகும்போது, கதைசொல்லியின் குரலாக வருகிறது. பெரியப்பா அதற்குள் செத்துப்போய்விட்டார்.

நீங்கள் பார்க்கவேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. பையன் டிவி நிகழ்ச்சியை முடித்துவிட்டு முகமூடியோடு ஸ்டுடியோ நடையில் நிற்கிறான். ஒரு திருடன் அவனைத் தாண்டி ஓடுகிறான், லிஃப்டுக்குள் நுழைகிறான், கதவு மூடிக்கொள்கிறது. துரத்தி வந்த காவலருக்கு மூச்சு வாங்குகிறது. அவர் பையனிடம் கேட்பது என்ன? உன் சக்தியைக் காட்டியிருக்கக் கூடாதா என்றா? இல்லை. அவனுடைய சக்தி பற்றிய பேச்சையே அவர் எடுக்கவில்லை. காலைக் கொடுத்துத் தடுக்கியிருந்தால் போதுமே, ஒரு நிமிடம் பிடித்து வைத்திருந்தால் போதுமே என்கிறார். எந்த மனிதனாலும் முடிகிற காரியம்! பையன் சொல்கிற பதில், அது உன் வேலை, இனிமேல் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன் என்பது. சிலந்தி கடிப்பதற்கு முன்னால் அவன் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் கேலிப்பட்ட பையன். சக்தி வந்ததும் முதலில் வந்தது இந்தத் திமிர்தான். பெரும் சக்தியால் பொறுப்பு வருகிறது என்று கடைசிக் கட்டம் சொல்கிறது. எனக்கென்னவோ அந்தக் காவலரின் வார்த்தைதான் பெரிதாகப் படுகிறது.

அதே திருடன் பெரியப்பாவையே கொன்றான் என்பது கதாசிரியரின் வசதி. பாழடைந்த கிடங்கில் அவனை மடக்கி முகத்தைப் பார்க்கும்போது பையனுக்கு அது தெரியவருகிறது. அவன் வேறொருவரின் பெரியப்பாவைக் கொன்றிருந்தால் இவன் பேப்பரில் படித்துவிட்டுப் போயிருப்பான், குற்றவுணர்ச்சியே வந்திருக்காது. நம் சினிமாவில் நாயகனின் அப்பாவை வில்லன் கொல்வான், நாயகன் கை சுத்தமாக இருக்கும், பழிவாங்கினால் கணக்குத் தீர்ந்தது. இந்தப் பையனுக்குப் பழிவாங்க ஆள் கிடைத்தும் கணக்குத் தீரவில்லை. சிலம்பில் பாண்டியன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி அரியணையிலேயே உயிரை விட்டான். அவனுக்கு அங்கே முடிந்தது. இவனோ அடுத்த இதழுக்கு உயிரோடு இருந்தாகவேண்டும். இத்தனைக்கும் அவன் அறிமுகமான பத்திரிகை அந்த இதழோடு நின்றுபோனது.

உங்கள் விஷயத்தில் நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். திருடன் போய்விட்டான், சரி. அந்தப் பெண் என்ன ஆனாள்? போனைப் பறிகொடுத்தவளுக்கு வீட்டுக்குத் தகவல் சொல்லக்கூடப் போன் கிடையாது. உங்கள் போனை நீட்டியிருக்கலாம். ஜிஆர்பி சௌக்கி (ரயில்வே போலீஸ் சாவடி) வரை கூடப் போய், அவன் எந்தப் பக்கம் ஓடினான், என்ன சட்டை என்று சொல்லியிருக்கலாம். உங்களை உரசிக்கொண்டு போனவன்தானே. சக்தி இல்லை என்று சொன்னீர்களே, இதற்கு எந்தச் சக்தி வேண்டும்?

மும்பை காமிக்ஸ் 2004-இல் வந்தது, நாலே இதழ்கள். நாயகன் பெயர் பவித்ர் பிரபாகர். சிலந்தி முகமூடியும் வேட்டியுமாகச் சுவரேறுவான். அவனுக்குச் சக்தி தருவது ஒரு யோகி. கூடவே கடமையையும் கையில் கொடுத்துவிடுவதால், தற்செயலாகச் சிலந்தி கடித்ததில் இருந்த அழகு போய்விட்டது என்பது என் குறை. ஆனால் ஒரு இடம் மூலத்தைவிட நன்றாக இருக்கிறது. ஒரு பெண்ணைச் சில ஆண்கள் சூழ்ந்து தாக்குகிறார்கள், பவித்ர் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறான். பீம் மாமா குறுக்கே போய்க் கத்திக்குத்து வாங்கிச் சாகிறார். அவருக்குச் சக்தி எதுவும் கிடையாது.

தாராளமாகக் கொடுங்கள். இப்போது புதிதாகக் கிடைக்கிறதோ என்னவோ, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். இரண்டு பிரதி இருந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.