பூண்டி வரை ஒரு ஞாயிறு

அன்புள்ள ஐயா,

மே மாதம் கொடைக்கானல் போய்வந்தோம். போக ஒரு இரவு, வர ஒரு பகல், ஏரியைச் சுற்றியது இரண்டு மணி நேரம். அதிலிருந்து என் பத்து வயது மகள் "மறுபடி எப்பப்பா மலைக்கும் ஏரிக்கும் போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. என் தந்தைக்கு முழங்கால் வலி, கோலூன்றித்தான் நடக்கிறார். காலையில் காரில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும்படி மலையும் ஏரியும் இருக்கும் இடம் சென்னைப் பக்கம் உண்டா? கடற்கரையை விட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள் நண்பர்கள்.

க., கொளத்தூர்

அன்புள்ள க.,

உண்டு. உங்கள் வீட்டிலிருந்து செங்குன்றம் தாண்டி வடமேற்கே போனால் போதும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. அதற்கு மேல் ஆந்திரா: சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர். திரும்பும்போது ஊத்துக்கோட்டையிலிருந்து சீத்தஞ்சேரி வழியாகப் பூண்டி, பிறகு திருவள்ளூர், ஆவடி, வீடு. ஆறு மணிக்குக் கிளம்பினால் அவசரமில்லாமல் பார்க்கலாம். ஆடி மாத ஞாயிறுகளில் மட்டும் வேண்டாம், பவானியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் பெரியபாளையத்தைத் தாண்டவே பாதி நாள் போய்விடும்.

ஊத்துக்கோட்டை தாண்டியதும் மலை தெரிய ஆரம்பிக்கும். கொடைக்கானலின் குளிரும் மூடுபனியும் இங்கே கிடையாது. சிவந்த பாறை முகடு, கீழே புதர்க்காடு, அதற்கும் கீழே நெல்வயல். மார்கழிக் காலையில் வயலுக்குப் பின்னால் அந்த முகட்டில் வெயில் ஏறும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். அருவி இருக்கிறது என்று யாராவது மலைக்குள் கூப்பிட்டால் போகாதீர்கள். குழந்தையோடும் பெரியவரோடும் போகிற இடம் அது இல்லை.

சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். நாகலாபுரத்தில் பெருமாள் மச்ச அவதாரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயின் பெயரில் அமைத்த ஊர் என்பார்கள். உங்கள் தந்தைக்கு இரண்டு கோயில்களும் பிடிக்கும்.

பிச்சாட்டூர் ஏரி ஆரணி ஆற்றின் மேல் இருக்கிறது. முன்பெல்லாம் மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி வருமே, பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தார்கள், ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கியது என்று, அதே ஏரிதான். மகளிடம் அதைச் சொல்லுங்கள். ஊத்துக்கோட்டையில் ஓடும் ஆறு இங்கிருந்துதான் வருகிறது. அது பெரியபாளையம் வழியாகப் பழவேற்காடு வரை போகிறது.

மதியத்துக்கு மேல் முழுவதையும் பூண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தை நான் சொல்வதே அதற்காகத்தான்.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி இதற்காகப் பாடுபட்டார். 1943இலேயே இறந்துவிட்டார், நிறைந்த ஏரியை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரில்தான் சத்தியமூர்த்தி சாகர். 35 அடி உயரம், 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு. நிறைந்திருக்கும் நாளில் கரையில் நின்றால் அக்கரை ஒரு கோடு மாதிரிதான் தெரியும், அதற்கு மேல் நீலமாகக் குன்றுகள். 2019 கோடையில் இதே கரையில் நின்றிருக்கிறேன். வெடித்த சேறும் அதில் மேயும் ஆடுகளும்தான் இருந்தன. அன்று வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.

ஆற்று நீரோடு கிருஷ்ணா நீரும் இங்கேதான் சேர்கிறது. 1983இல் ஒப்பந்தம் போட்டு, 1996இல் முதன்முதலாக வந்து சேர்ந்தது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையில் இருக்கும் ஜீரோ பாயிண்ட் வரை 152 கிலோமீட்டர் கால்வாய். தண்ணீர் எல்லையைத் தொடும்போது அங்கே நின்று மலர் தூவுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைந்துவிடும். கால்வாயில் மட்டும் காலை நனைக்க விடாதீர்கள். கரை சரிவானது, நீர் வேகமானது, விழுந்தால் ஏறுவது கஷ்டம். பூண்டியிலிருந்து இந்தத் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்கும் உங்கள் பக்கத்துப் புழலுக்கும் போகிறது.

பூண்டியில் ஊன்றீசுவரர் கோயில் இருக்கிறது. கண் தெரியாமல் திருவொற்றியூரிலிருந்து நடந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம். பழைய கோயில் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால் கோயிலை இங்கே எடுத்துக் கட்டினார்கள். உங்கள் தந்தை கோலூன்றி வருவதாக எழுதியதைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கோயில்தான். சற்று நேரம் அவர் அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.

அப்புறம், தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், பழங்காலப் பொருள்களின் காட்சியகம். திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் ஆதிமனிதர்களின் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு பின்னர் அங்கே தோண்டி, அடுக்குகளின் காலத்தைக் கணித்தபோது 15 லட்சம் ஆண்டு என்று வந்தது. மகள் அதில் எத்தனை சுழி என்று கேட்பாள், எண்ணிக் காட்டுங்கள். அல்லிக்குழி மலையிலிருந்து வெள்ளம் உருட்டி வந்த கூழாங்கற்களை உடைத்துத்தான் ஆதிமனிதர்கள் அந்தக் கோடரிகளைச் செய்தார்கள். இன்று நமக்குத் தண்ணீர் தரும் இந்தப் பகுதி அன்று அவர்களுக்குக் கருவியும் தந்திருக்கிறது.

பக்கத்திலேயே இருக்கும் குடியம் குகைகளில் அந்தக் கூழாங்கற்கள் பாறைச் சுவரிலேயே பதிந்திருப்பதைக் காணலாம். ஆனால் காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும், வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்த முறை விட்டுவிடுங்கள். மகள் இன்னும் நாலு வருடம் வளரட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது நல்லது, புளிச்சோறு போதும். பையில் கூழாங்கல் எதையும் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று மகளிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். அவளுக்குக் கட்டாயம் ஆசை வரும்.