மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை: சேமிப்பை எல்லாம் இப்போதே உடைக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 47 வயது. மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன், அதன்பின் ஹார்மோன் மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார் டாக்டர். ஹெர்-2 பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அது பாசிட்டிவ் என்றால் இன்னொரு ஊசியும் சேருமாம். எதுவும் சரியாகப் புரியவில்லை. வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்ட், ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாவற்றையும் உடைத்துக் கையில் வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். வைப்பு நிதியில் ஒரு பகுதியை மட்டும் இப்போது எடுங்கள். மற்றவற்றை ஹெர்-2 முடிவு, அதாவது ஹெர்-2 என்ற புரதம் புற்றுநோய் செல்களில் அதிகமாக இருக்கிறதா என்ற முடிவு, வரும்வரை தொடாதீர்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. இந்தச் சமயத்தில் கையில் பணம் இருந்தால்தான் மனசு நிற்கும். ஆனால் டாக்டர் சொன்ன சிகிச்சைகளுக்கான பணம் ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. அது தெரிந்தால் எந்தச் சேமிப்பை எப்போது தொடுவது என்பதும் தெரிந்துவிடும்.

அறுவை சிகிச்சை ஒரே தடவையில் வரும் பெரிய பில். கீமோ அப்படியல்ல. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு சைக்கிள், அதாவது ஒரு சுற்று மருந்து, என்று மூன்று முதல் ஆறு மாதம் வரை போகும். மருந்தின் விலையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு திணறும் குடும்பங்கள் பல. ஒவ்வொரு சைக்கிளுக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை உண்டு. வெள்ளை அணுக்கள் குறைந்தால் அதற்குத் தனி ஊசி. அந்தச் சமயம் காய்ச்சல் வந்தால் உடனே அட்மிஷன், தள்ளிப்போடவே கூடாது. அதனால் கீமோவுக்கு ஒதுக்கும் தொகைக்குப் பக்கத்தில், திடீர் அட்மிஷனுக்கென்று இன்னொரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

ரேடியேஷனில் பணத்தோடு நாட்களும் செலவாகும். வாரத்தில் ஐந்து நாள், தினமும் சில நிமிடம்தான். ஆனால் அதற்காகத் தினமும் போய்வர வேண்டும், கூட வருபவரும் லீவு போட வேண்டும். முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து வாரம், 25 அமர்வு என்பது வழக்கம். இப்போது பலருக்கு மூன்று வாரத்தில் 15 அமர்வு போதும் என்பது நிறுவப்பட்ட முறை. “இவருக்குக் குறுகிய கால முறை பொருந்துமா?” என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பொருந்தினால் இரண்டு வாரச் சம்பளமும் அலைச்சலும் மிச்சம். பொருந்தாது என்றால் அதற்கு மருத்துவக் காரணம் இருக்கும், அங்கே வாதாட வேண்டாம்.

இப்போது நீங்கள் காத்திருக்கும் அந்த முடிவு. உங்கள் கணக்கையே புரட்டிப்போடக்கூடியது இதுதான். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியைப் பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு போடுவார்கள். இடையிடையே இதயத்துக்கு எக்கோ பரிசோதனையும் உண்டு. சிலருக்குக் கீமோவையும் இந்த ஊசியையும் முதலில் கொடுத்துவிட்டு, அறுவை சிகிச்சையைப் பிறகு வைப்பார்கள். அப்போது பில்களின் வரிசையே மாறிவிடும். நெகட்டிவ் என்றால் இந்தச் செலவே இல்லை. செலவைக் குறைப்பதாக நினைத்து இந்தப் பரிசோதனையை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். பயன் தராத மருந்துக்குப் பணம் கட்டாமல் காப்பாற்றுவது இதுதான்.

டிராஸ்டுசுமாப் 1998இல் வந்தபோது ஒரே நிறுவனத்தின் மருந்து. இன்று அதன் பயோசிமிலர்கள், அதாவது அதற்கு இணையாகச் செயல்படுவதாகச் சோதித்து அனுமதிக்கப்பட்ட மருந்துகள், பல இருக்கின்றன. 2019இல் உலக சுகாதார நிறுவனமே ஒன்றின் தரத்தைச் சரிபார்த்து முன்தகுதிச் சான்று அளித்தது. விலை வித்தியாசம் பெரிதாக இருக்கலாம் என்பதால், டாக்டரிடம் ‘பயோசிமிலர்’ என்றே பெயர் சொல்லிக் கேளுங்கள். உறவினர்கள் யாராவது இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை, பற்றிச் சொல்லி உங்களைக் குழப்பலாம். அது விலை அதிகமான சிகிச்சை, எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. உங்கள் டாக்டர் பரிந்துரைக்காதவரை அதற்காகக் கடன் வாங்க யோசிக்கவே வேண்டாம்.

ஹார்மோன் மாத்திரை இதற்கு நேர்மாறு. டாமாக்சிஃபென் போன்றவை பழைய மருந்துகள், ஜெனரிக்காகக் கிடைக்கின்றன, மாதச் செலவு மற்றவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை விடாமல் சாப்பிட வேண்டும். அதை வீட்டு மாத பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். அட்மிட் ஆகாமல் காலையில் போய் மாலையில் திரும்பும் கீமோவுக்குப் பணம் தருவார்களா, வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு உண்டா, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். சிகிச்சை நடுவே புதுப்பிக்கும் தேதி வரும். அந்த பிரீமியத்தை மட்டும் ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

ஆக, அறுவை சிகிச்சைக்கும் முதல் இரண்டு கீமோவுக்கும் வைப்பு நிதியிலிருந்து எடுங்கள். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ஃபண்டிலிருந்து மாதாமாதம் எடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம். ஓய்வுக்காலச் சேமிப்பு கடைசி. நீங்கள் இருவரும் சேர்ந்து செலவழிக்க வேண்டிய பணம் அது. முடிவு வந்ததும் பாலிசி நகலோடு எழுதுங்கள், மாத வாரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.